இரண்டாவது தொழிலாக ஆசிரியப் பணி

நம் அங்கத்தினர்களின் இல்லங்களில் இந்நாளில் அடிக்கடி எழும் வினாக்கள் இரண்டு. பத்துப் பதினைந்து ஆண்டு தறியில் அமர்ந்தவரோ, மானாவாரி நிலத்தை நம்பிச் சலித்தவரோ, எப்பொழுதோ பெற்ற பட்டத்தை நினைவுகூர்ந்து, “இனி நான் ஆசிரியராக இயலுமா?” என்று வினவுகிறார். மணமாகி அயல் மாநிலத்திலிருந்து வந்த மருமகள், “அங்கே பெற்ற பயிற்சி இங்கே செல்லுபடியாகுமா?” என்று கேட்கிறாள். இவ்விரண்டுக்கும் விதிகளில் விடை உண்டு. ஆனால், விதியை அறிந்தவர் அனைவரும் வகுப்பறையை அடைந்துவிடுவதில்லை. பழைய தொழிலை விட்டுப் புதிய தொழிலைப் பற்றுவதற்கு இடைப்பட்ட காலத்தில் குடும்பம் எதனை உண்டு வாழும் என்பதே பெரிய வினாவாகும். தனி ஒருவரால் எளிதில் தீர்க்கவியலாத அவ்வினாவுக்குப் பலர் கூடி விடை கண்ட வரலாறு ஒன்று சென்னைக் கடற்கரையிலேயே உண்டு.

கடற்கரைச் சாலை கூறும் வரலாறு

மயிலாப்பூரை அடுத்துக் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே அமைந்துள்ளது நொச்சிக்குப்பம். ஆடவர் கடல்மேற் செல்வதும், பெண்டிர் மீன் விற்பதும் இங்குத் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலையின் கொடுமையைக் கண்ட ஊர்களுள் இதுவும் ஒன்று. சாலையோரத்தில் மீன் விற்றுவந்த பெண்களுக்காக மாநகராட்சி கட்டிய அங்காடி 2024-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. கூடையுடன் அங்கு அமர்ந்திருக்கும் தாய், தன் மகள் வேறு தொழிலுக்குச் செல்ல வேண்டுமென்று விரும்பினால், அம்மகளுக்கு வழிகாட்டும் கட்டிடங்கள் தொலைவில் இல்லை. குப்பத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் நடந்தால் அவற்றை வரிசையாகக் காணலாம்.

முதலில் வருவது இராணி மேரி கல்லூரி. 1914-ம் ஆண்டில் தொடங்கப்பெற்ற, சென்னையின் முதல் மகளிர் கல்லூரி. அதனைக் கடந்தால் வட்ட வடிவ முகப்புடைய ஐஸ் ஹவுஸ் என்னும் விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-ம் ஆண்டில் எழுந்த கட்டிடம் அது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினார். அருகிலேயே வெலிங்டன் சீமாட்டி பயிற்சிக் கல்லூரி. அதற்கும் வடக்கே மாநிலக் கல்லூரி. இவற்றுள் மூன்றோடு தொடர்புடைய ஒரு பெண்மணியின் வாழ்வே நாம் அறிய வேண்டிய வரலாறு.

சகோதரி சுப்பலட்சுமி அம்மையார் 1886-ம் ஆண்டில் பிறந்தவர். பதினோரு வயதளவில் மணம் செய்விக்கப்பெற்றுச் சிறிது காலத்திலேயே கணவனை இழந்தார். கைம்பெண் என்றால் மூலையில் அமர வேண்டியவள் என்றிருந்த காலத்தில், தந்தையார் சுப்பிரமணிய ஐயர் மகளைப் படிக்க வைத்தார். 1911-ம் ஆண்டில் மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றதன் மூலம், சென்னை மாகாணத்தில் அச்சிறப்பை அடைந்த முதல் இந்துப் பெண்மணியானார்.

தமக்குக் கிடைத்த கல்வியோடு அவர் நின்றுவிடவில்லை. 1912-ம் ஆண்டில் சாரதா மகளிர் சங்கத்தை நிறுவி, இளங் கைம்பெண்களுக்கு ஓர் இல்லத்தையும் ஏற்படுத்தினார். பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வரவேண்டுமானால் பெண் ஆசிரியர் தேவை. அக்காலத்தில் ஆசிரியைகளோ அரியர். பெண் கல்வி ஆய்வாளராயிருந்த லிஞ்ச் அம்மையார் இதனை உணர்ந்து துணை நின்றார். சர்க்கார் உதவியும் கிட்டியது. விரல்விட்டு எண்ணத்தக்க சிலரோடு தொடங்கிய இல்லம் வளர்ந்து பின்னர் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்துக்கு மாறிற்று. வாழ்வு முடிந்ததென்று வீட்டார் எண்ணிய பெண்கள், அங்கிருந்து பயின்று ஆசிரியைகளாகி ஊதியம் பெற்றனர். 1922-ல் வெலிங்டன் சீமாட்டி பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபொழுது அம்மையாரே அதன் முதல் தலைமையாசிரியையானார். பள்ளிக்குரிய வயதைக் கடந்த பெண்களுக்காக 1927-ல் சாரதா வித்தியாலயம் தோன்றியது. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை அங்கத்தினராகவும் தொண்டாற்றிய அவருக்கு 1958-ல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. 1969-ல் இயற்கை எய்தினார்.

இவ்வரலாற்றில் கூட்டுறவாளர் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி யாது? அப்பெண்களுக்கு அறிவுரை கூறியவர் பலர் இருந்திருக்கக்கூடும். அவ்வில்லம் அளித்தது அறிவுரையன்று. படிக்கும் காலத்துக்கு உணவும் உறைவிடமும், உடன் பயிலும் துணையும், படிப்பு முடிந்த பின் செல்லத்தக்க ஒரு வேலையும் அது அளித்தது. இந்நான்கும் ஒன்றாய் அமைந்தமையாலேயே இரண்டாவது வாழ்வு அவர்களுக்குக் கைகூடிற்று.

ஒரு குறையையும் மறைத்தல் கூடாது. அவ்வில்லம் அன்று பிராமணக் கைம்பெண்களுக்கென்றே ஏற்பட்டது. அக்காலச் சமூகக் கட்டுப்பாட்டை எதிர்த்து நிற்க அது ஒன்றே வழியாயிருந்தது எனச் சிலர் கூறுவர். காரணம் எதுவாயினும், கூப்பிடு தூரத்திலிருந்த குப்பத்துப் பெண்ணுக்கு அக்கதவு திறந்திருக்கவில்லை. கூட்டுறவுச் சங்கமோ சாதி பாராது பங்குத் தொகை செலுத்திய எவரையும் சமமாக ஏற்பது. அன்று ஓர் இல்லம் ஒரு சாராருக்குச் செய்ததை இன்று ஒரு சங்கம் எல்லாருக்கும் செய்ய இயலும்.

சங்கம் கண்ட தலைமையாசிரியர்

ஆசிரியத் தொழிலுக்கும் கூட்டுறவுக்கும் உறவு பழையது. வலங்கைமானிற் பிறந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் சேலத்திலும் பின்னர்ச் சென்னையிலும் ஆசிரியராயிருந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராகப் புகழ்பெற்றவர். 1904-ம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவருள் அவர் ஒருவர். அரிசி பருப்பைக் கலப்படமின்றி நியாய விலையில் பெறக் குடும்பங்கள் கூடிய அச்சங்கமே இந்நாட்டு நுகர்வோர் சங்கங்களுக்கு முன்னோடி.

சாஸ்திரியார் 1907-ல் தலைமையாசிரியர் பதவியைத் துறந்து இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். நடுவயதில், குடும்பப் பொறுப்புடையவராய், நிலையான ஊதியத்தை விட்டு வேறு பணிக்குச் சென்றார். பின்னர் 1935-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகிக் கல்விப் பணிக்கே திரும்பி வந்தார். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். தொழில் மாறுவது நிலையற்ற மனத்தின் அடையாளம் என்று கருதுவோர் இதனை நோக்குவாராக.

இன்றைய விதிகள்

இனி, இன்று ஆசிரியராக விரும்புவோர் அறிய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

2009-ம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே, முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புவோர் தொழிற் பயிற்சியோடு ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியிருக்க வேண்டுமென்று தேசிய ஆசிரியர் கல்விக் குழு அதே ஆண்டு ஆகஸ்டில் விதித்தது. தமிழ்நாட்டில் இத்தேர்வை நடத்துவது ஆசிரியர் தேர்வு வாரியம். முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கு. இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை கற்பிப்போருக்கு. ஒவ்வொன்றுக்கும் 150 மதிப்பெண். பொதுப் பிரிவினர் 90 பெற வேண்டும். பிற பிரிவினருக்குச் சர்க்கார் அவ்வப்போது தளர்வு அளித்து வருவதால், அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் பார்த்தே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தேர்வை எளிதென்று எண்ணற்க. 2012 ஜூலையில் இம்மாநிலத்தில் நடந்த முதல் தேர்வை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. எனினும், ஒரு முறை தேறினால் அச்சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும். முன்பு ஏழாண்டு என்றிருந்த வரம்பு 2021-ல் நீக்கப்பட்டது. 2011 முதல் பெற்ற சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும்.

எப்பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பலர் தவறுகின்றனர். பி.எட். பட்டம் பெற்றால் எல்லா வகுப்புக்கும் கற்பிக்கலாம் என்பது பொதுவான எண்ணம். 2023 ஆகஸ்ட் 11-ந் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது, அதற்குரியது தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியே. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோர் இரண்டாண்டில் இதனை முடிக்கலாம். பட்டதாரிகள் உயர் வகுப்புகளுக்கு பி.எட். பயில வேண்டும், அதுவும் இப்பொழுது இரண்டாண்டுப் படிப்பாகவே நடைபெறுகிறது. அஞ்சல் வழியில் பி.எட். என்ற விளம்பரத்தைக் கண்டு ஏமாறலாகாது. அது ஏற்கெனவே பயிற்சி பெற்றுப் பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்காக ஏற்பட்டது. தறியிலும் வயலிலும் இருந்துகொண்டு தபால் வழியே அதனைப் பெற்றுவிடலாம் என்று கூறுவோரை நம்பற்க. எந்த நிறுவனத்தில் சேர்வதாயினும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் அங்கீகாரம் அதற்கு உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்க.

தகுதித் தேர்வில் தேறினால் வேலை வந்துவிட்டதாகப் பொருளன்று. 2018-ம் ஆண்டு அரசாணைப்படி, தேறியோர் நியமனத்துக்கென மற்றொரு போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். 2013-ல் தகுதி பெற்றும் நியமனம் கிடைக்காதோர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்ததையும், தெருவில் இறங்கிப் போராடியதையும் நாடறியும். இவ்வுண்மையை மறைத்து எவருக்கும் ஆசை காட்டுதல் தகாது.

நடுவயதினருக்கு ஆறுதலான செய்தியும் ஒன்றுண்டு. நேரடி நியமன வயது உச்சவரம்பைப் பொதுப் பிரிவினருக்கு 53 ஆகவும், ஏனையோருக்கு 58 ஆகவும் 2023-ல் தமிழ்நாடு சர்க்கார் உயர்த்தியது. நாற்பதைத் தாண்டியவரும் மனந்தளர வேண்டியதில்லை. தமிழ் வழியிற் படித்தோருக்கு 2010-ம் ஆண்டுச் சட்டம் சர்க்கார் நியமனங்களில் நூற்றுக்கு இருபது இடங்களை முன்னுரிமையாக ஒதுக்குகிறது. பின்னர் வந்த திருத்தம் பட்டப்படிப்பு மட்டுமன்றிப் பள்ளிப்படிப்பையும் கணக்கிற் கொள்கிறது. ஆதலின் பள்ளியில் தமிழ் வழியிற் பயின்றதற்கான சான்றுகளை இப்பொழுதே தேடிப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். நம் நெசவாளர் பிள்ளைகளிலும் உழவர் பிள்ளைகளிலும் பலருக்கு இது பயன்தரும்.

அயல் மாநிலத்திலிருந்து வருவோர்

பட்டமும் பயிற்சியும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திற் பெற்றவையாயின், மாநில எல்லையைக் கடந்ததனால் மட்டும் அவை மதிப்பிழப்பதில்லை. ஆயினும், இங்குள்ள பட்டத்துக்கு அவை இணையானவை என்று காட்டும் சான்று கேட்கப்படலாம். அதனை விண்ணப்பிக்கும் காலத்துக்கு முன்பே தேடுவது நலம். தகுதித் தேர்வோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆந்திரத்திலோ கேரளத்திலோ தேறியவர் தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிக்கு இம்மாநிலத் தேர்வையே எழுத முற்பட வேண்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2011 முதல் நடத்திவரும் மத்தியத் தகுதித் தேர்வு, கேந்திரிய வித்தியாலயம் போன்ற மத்திய சர்க்கார் பள்ளிகளுக்குப் பயன்படும். அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்தினர் இதனை முதலில் எழுதி வைப்பது அறிவுடைமை.

மொழியே இவர்களுக்குப் பெரிய படி. சர்க்கார் பணித் தேர்வுகளில் தமிழ்மொழித் தகுதித் தாள் 2021 டிசம்பர் ஆணை முதல் கட்டாயமாயிற்று. அதில் நூற்றுக்கு நாற்பது விழுக்காடு பெறாதவரின் ஏனைய விடைத்தாள்கள் மதிப்பிடப்படா. தமிழ் பேசத் தெரிந்த மருமகள் எழுதப் படிக்கவும் பழக வேண்டும். அதே வேளையில், தகுதித் தேர்வின் முதல் மொழியாகத் தமிழையன்றித் தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது ஆகியவற்றுள் ஒன்றையும் தேர்ந்துகொள்ள இடமுண்டு. தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டு மொழியாகக் கொண்ட நெசவாளர் குடும்பங்கள் நம்மிடையே பல. அம்மொழிகளை எழுதவும் கற்றவர்களுக்குச் சிறுபான்மை மொழிப் பள்ளிகளில் ஒரு வாயில் திறந்திருக்கிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் சொந்த மாநிலத்தில் உள்ள இட ஒதுக்கீடு, குடிபெயர்ந்து வந்த மாநிலத்தில் தொடராது என்பது 1990-ம் ஆண்டு முதல் உச்ச நீதிமன்றம் கூறிவரும் நிலை. இதனை முன்னரே அறிந்துகொண்டால் பின்னர் ஏமாற்றம் இராது.

நடுவிலுள்ள இரண்டு ஆண்டு

மேற்கூறிய விதிகளை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பயிற்சிக்கு இரண்டாண்டு, தேர்வுக்கு ஓராண்டோ இரண்டாண்டோ, நியமனத்துக்கு எவ்வளவு காலமென்று கூற இயலாது. இக்காலமெல்லாம் பகலில் வகுப்புக்குச் செல்வோர் தறியில் அமர முடியாது. நெய்தால்தான் கூலி, கூலி வந்தால்தான் அடுப்பு எரியும். அறிவுக் குறைவினாலன்றி அரிசிக் குறைவினாலேயே பலர் பாதியில் திரும்பிவிடுகின்றனர்.

கடலோடிகளைக் கேட்டால், கரையோரத்தில் அலை உடையும் இடத்தைத் தாண்டுவதே கடினம் என்பர். அவ்விடத்தில் பின்னாலிருந்து தள்ளிவிட நாலு கை வேண்டும். தாண்டிய பின் படகு தன் வழியே செல்லும். நெசவாளருக்கும் இது புதிதன்று. பழைய பாவின் நுனி தறியில் இருக்கும்பொழுதே புதிய பாவின் இழைகளை அதனோடு பிணைக்கிறோம். பழையதை முற்றும் அறுத்து எறிந்துவிட்டுப் புதியதைத் தேடுவதில்லை. தொழில் மாற்றத்துக்கும் அம்முறையே ஏற்றது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஆகவே, ஆசிரியப் பணியை நாடும் அங்கத்தினர்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் நம் சங்கங்கள் சில உதவிகளைச் செய்யலாம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை.

முதலாவது, பயிற்சியிற் சேர்ந்த அங்கத்தினரைத் தறி நின்றுவிட்டதென்று கைவிடாமல், மாலையிலும் விடுமுறையிலும் நெய்து முடிக்கத்தக்க சிறு பாவுகளை அளித்தல். கூலி குறையினும் முற்றும் நின்றுபோகாது.

இரண்டாவது, லாபப் பங்கீட்டில் பொதுநலத்துக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து, துணைவிதி இடங்கொடுக்கும் அளவுக்கு, பயிற்சிக் கட்டணத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் அளித்தல். வேலை கிடைத்த பின் தவணையிற் செலுத்தும்படி அமைக்கலாம். கந்துவட்டிக்குக் கடன் வாங்கிப் படித்தவர் தேறினாலும் தேறாவிடினும் துன்பமே அடைவர்.

மூன்றாவது, சங்கக் கட்டிடத்தில் இரவு நேரப் படிப்பு வட்டம். தேர்வுக்குரிய பள்ளிப் பாடநூல்கள் ஒரு தொகுதி இருந்தால் பத்துப் பேர் பயிலலாம். ஏற்கெனவே ஆசிரியராயுள்ள அங்கத்தினர் மகன் ஒருவர் வாரம் ஒருநாள் வந்து பாடங் கூறினால், தனிப் பயிற்சி நிலையங்களுக்குச் செலுத்தும் பணம் மிஞ்சும். இதனாற் பணியிலிருப்போருக்கும் பயனுண்டு. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டுமென்று 2025 செப்டம்பர் முதல் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, கற்பிக்க வருபவரும் உடனிருந்து கற்கக்கூடும்.

நான்காவது, கற்பிக்கும் விருப்பம் உண்மையில் உண்டா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வாய்ப்பளித்தல். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம் என்ற மீனவர் ஊரில் தொடங்கப்பெற்றது. இல்லத்தரசிகள் உட்படத் தன்னார்வலர் பலர் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வேளையில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அது போன்று நம் சங்கத் திண்ணையிலும் மாலை வகுப்பு நடத்தலாம். ஆறு மாதம் பிள்ளைகளோடு அமர்ந்தவருக்கு இது தமக்கேற்ற தொழிலா என்பது தானே விளங்கும். ஏற்றதன்று எனத் தெரிந்தால் இரண்டாண்டும் கட்டணமும் மிஞ்சின.

ஐந்தாவது, அறிவிக்கைகளைத் தமிழிற் படித்து விளக்கி, விண்ணப்பத்தின் கடைசி நாளைச் சங்கப் பலகையில் எழுதி வைத்தல். வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பணம் பறிக்கும் தரகர்களைப் பற்றிய எச்சரிக்கையும் அப்பலகையில் இடம்பெற வேண்டும்.

நெசவையோ பயிர்த்தொழிலையோ விட்டுச் செல்பவரைச் சங்கத்துக்கு நேர்ந்த இழப்பாகக் கருதுவோரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. நூலின் முறுக்கும் மண்ணின் ஈரமும் அறிந்த ஒருவர் வகுப்பறையில் நின்று கணக்குக் கற்பித்தால், அவர்தம் கணக்கில் பாவும் ஊடையும் வரும். விதையும் விளைச்சலும் வரும். உழைப்போரின் பிள்ளை தன் வீட்டைப் பாடத்திற் காணும். அத்தகைய ஆசிரியர் நமக்கு இழப்பல்லர்.

அன்று கடற்கரையில் ஓர் இல்லம் எழுவதற்கு ஒருவரின் உறுதியும், பலரின் துணையும், சர்க்காரின் உதவியும் தேவைப்பட்டன. உறுதியுடையோர் நம் அங்கத்தினர்களிடையே இல்லாமலில்லை. அவர்களுக்கு வேண்டிய துணையாக நம் சங்கங்கள் நிற்குமா என்பதை அடுத்து வரும் பொதுப்பேரவைக் கூட்டங்களில் ஒவ்வொரு சங்கமும் ஆலோசித்து முடிவு செய்யட்டும்.